சமூக ஊடகத்தில் யார் யாரை மாற்றுகிறார்கள்? செல்வாக்கை அளப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்வாக்கு என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் சொன்னதாலோ செய்ததாலோ இன்னொருவருடைய செயலோ கருத்தோ மனநிலையோ மாறினால், முதலாமவருக்கு இரண்டாமவர் மீது செல்வாக்கு இருக்கிறது என்கிறோம். இந்த வரையறையின் பாரம் முழுவதையும் "சொன்னதால்" என்பதில் உள்ள "ஆல்" என்ற சிறு உருபு தாங்குகிறது. "அவர் பதிவிட்ட பிறகு நான் வாங்கினேன்" என்பது ஒரு செய்தி. "அவர் பதிவிட்டதால் நான் வாங்கினேன்" என்பது வேறு செய்தி. சமூக ஊடகத் தளங்கள் நமக்கு அள்ளித் தரும் எண்கள் ஏறக்குறைய அனைத்தும் "பிறகு" என்பதையே பதிவுசெய்கின்றன. "ஆல்" என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பதிவு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரிய வேண்டும். நடக்காத ஒன்றை எப்படி அளப்பது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். கீழேயுள்ள விடைகள் பலவும் அதையே சுற்றி வருகின்றன.

இந்தக் கேள்வி சமூக ஊடகத்தோடு பிறந்ததா?

இல்லை. 1940-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒரே வாக்காளர்களைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி கண்டனர். வானொலியும் செய்தித்தாளும் வாக்காளரை நேரடியாக மாற்றிவிடும் என்ற அக்கால நம்பிக்கைக்கு மாறாக, தெரிந்த மனிதர்களின் பேச்சே அதிகம் எடுபடுவதை அவர்கள் கண்டனர். ஊடகச் செய்தி முதலில் ஊன்றிக் கவனிக்கும் சிலரிடம் போகிறது, அவர்கள் வழியே மற்றவர்களிடம் போகிறது என்ற "ஈரடுக்குப் பரவல்" கருத்து அங்கிருந்து பிறந்தது. பின்னர் இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் பெண்களிடம் நடத்தப்பட்டு 1955-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: உடை விஷயத்தில் பிறர் யோசனை கேட்கும் பெண்ணிடமே அரசியல் விஷயத்திலும் யோசனை கேட்பார்கள் என்று கொள்ள முடியாது. செல்வாக்கு ஒரு மனிதரின் நிரந்தரச் சொத்து அன்று, துறைக்குத் துறை மாறுவது என்ற இந்த உண்மையை இன்றைய தரவரிசைப் பட்டியல்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

பின்தொடர்வோரின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதைப் பெரிய அளவில் காட்டிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் அமைப்புகள் நிறுவனத்தில் மீயோங் சாவும் உடன் ஆய்வாளர்களும் அன்றைய ட்விட்டரிலிருந்து சுமார் 5.5 கோடிக் கணக்குகளையும், அவற்றுக்கிடையே இருந்த ஏறத்தாழ 196 கோடிப் பின்தொடர்தல்களையும், 175 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளையும் திரட்டினர். அவற்றில் ஓரளவு சுறுசுறுப்பாக இயங்கிய சுமார் 60 லட்சம் பயனர்களைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை, மறுபகிர்வு எண்ணிக்கை, பிறர் தம் பதிவில் பெயர்சுட்டிய எண்ணிக்கை என்ற மூன்று அளவுகளிலும் தனித்தனியாக வரிசைப்படுத்திப் பார்த்தனர்.

மூன்று வரிசைகளின் உச்சியிலும் ஒருங்கே நின்றவர்கள் மிகச் சிலரே. மறுபகிர்வில் முந்தியவை செய்தி நிறுவனங்களும் பயனுள்ள இணைப்புகளைத் தொகுத்துத் தரும் கணக்குகளும். பெயர்சுட்டப்படுவதில் முந்தியவர்கள் திரை, இசைப் பிரபலங்கள். அதாவது மறுபகிர்வு பெரும்பாலும் பதிவின் பயனுக்குக் கிடைக்கிறது. பெயர்சுட்டல் பெயரின் புகழுக்குக் கிடைக்கிறது. உச்சியில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்துப் போயின, ஆனால் பின்தொடர்வோர் எண்ணிக்கை இரண்டோடும் ஒட்டவில்லை. பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பது பத்து லட்சம் பேரின் திரைக்குள் நுழையும் வாய்ப்பைச் சொல்கிறது. அந்தப் பத்து லட்சம் பேரில் யாராவது அதைப் படித்தார்களா, படித்து அசைந்தார்களா என்பதை அது சொல்வதில்லை.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றும் பகுதி வேறு. 2009-இல் பேசப்பட்ட ஈரான் தேர்தல், பன்றிக் காய்ச்சல், மைக்கேல் ஜாக்சன் மரணம் ஆகிய மூன்று பேச்சுப்பொருள்களை அவர்கள் தனியாக ஆராய்ந்தபோது, உச்சியில் இருந்த கணக்குகள் பல பொருள்களிலும் எடுபட்டதைக் கண்டனர். கூடவே, சாதாரணப் பயனர்களும் ஒரே பொருளில் ஊன்றி நின்று, அதைப் பற்றி நுணுக்கமாக எழுதி, அந்தப் பொருளுக்குள் செல்வாக்குப் பெற முடிந்ததையும் கண்டனர்.

பேஜ்ரேங்க் போன்ற கணிதங்கள் இதைச் சரிசெய்யாவா?

ஓரளவு சரிசெய்யும். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எண்ணுவதோடு நிற்காமல், பின்தொடர்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் கணக்கில் எடுப்பது பேஜ்ரேங்கின் அடிப்படை. கூகுள் தேடலுக்காக இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தப் பிறந்த அந்த முறையைப் பலர் மனிதர்களுக்குப் பொருத்திப் பார்த்தனர். 2010-இல் தென் கொரியாவின் கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 4.17 கோடி ட்விட்டர் கணக்குகளையும் 147 கோடித் தொடர்புகளையும் கொண்டு அதைச் செய்தபோது, பேஜ்ரேங்க் வரிசையும் பின்தொடர்வோர் வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. மறுபகிர்வு வரிசை மட்டும் வேறாக நின்றது. அதே ஆண்டு சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான ட்விட்டர்ரேங்க், பயனர்கள் எந்தப் பொருளில் எழுதுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பொருள்வாரியாகத் தனித்தனி வரிசைகள் தந்தது. இவை எல்லாம் வலையமைப்பில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை நன்றாகச் சொல்லும் கருவிகள். நான்கு சாலைகள் கூடும் முனையில் கடை இருப்பது வியாபாரத்துக்கு நல்லது; ஆனால் அங்கே இருக்கும் கடையில் வியாபாரம் நடக்கிறதா என்பதைக் கல்லாவைத் திறந்து பார்த்தே அறிய முடியும்.

என் நண்பர்கள் எல்லோரும் என்னைவிடப் பிரபலமாகத் தெரிவது ஏன்?

இது தாழ்வு மனப்பான்மையால் வருவதன்று, எண்ணிக்கையால் வருவது. நண்பர்கள் அதிகமுள்ள ஒருவர் பலருடைய நண்பர் பட்டியலில் இடம்பெறுகிறார். நண்பர்கள் குறைந்தவர் சிலருடைய பட்டியலிலேயே இருக்கிறார். ஆகவே யாருடைய பட்டியலைத் திறந்தாலும் பிரபலமானவர்களே கூடுதலாகத் தென்படுவார்கள். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் விளக்கிய இந்த உண்மை, "என்னைச் சுற்றியுள்ள எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்" என்ற உணர்வு ஏன் அடிக்கடி தவறாகிறது என்பதற்கும் விடை தருகிறது.

ஒரு பதிவு வைரலாகுமா என்பதை, எழுதியவரைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சராசரியைச் சொல்லலாம், தனிப் பதிவைச் சொல்ல முடியாது. ஐதன் பாக்ஷி, டங்கன் வாட்ஸ் உள்ளிட்ட குழுவினர் 2009-இல் இரண்டு மாத காலத்தில் ட்விட்டரில் 16 லட்சம் பயனர்கள் பகிர்ந்த இணைப்புகள் எப்படிக் கைமாறின என்பதை 7.4 கோடிப் பரவல் நிகழ்வுகளின் வழியே பின்தொடர்ந்தனர். மிகப் பெரிய பரவல்கள் பெரும்பாலும், பின்தொடர்வோர் அதிகமுள்ளவர்களும் முன்பு செல்வாக்குக் காட்டியவர்களும் தொடங்கியவையாக இருந்தன. ஆனால் அதே தகுதிகள் உடையவர்கள் தொடங்கி, எங்கும் பரவாமல் அடங்கிப்போனவை அவற்றைவிடப் பன்மடங்கு. வென்றவர்களை மட்டும் திரும்பிப் பார்க்கும்போது அவர்களுடைய வெற்றிக்குக் காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. தோற்றவர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தத் தெளிவு கலைந்துவிடுகிறது. இதனால், ஒரு பெரும் பிரபலத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, சிறிய அளவில் எடுபடும் பலரை அணுகுவது பல சூழல்களில் செலவுக்கு ஏற்ற பலன் தரும் என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

வைரல் என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே தாவலில் பத்தாயிரம் பேருக்குப் போவதும், ஒருவரிடமிருந்து மூவருக்கு, அந்த மூவரிடமிருந்து ஒன்பது பேருக்கு என்று கிளை பிரிந்து பத்தாயிரத்தை எட்டுவதும் எண்ணிக்கையில் ஒன்றே. முன்னது ஒலிபெருக்கி, பின்னது தொற்று. ட்விட்டரின் நூறு கோடிப் பரவல் நிகழ்வுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஷரத் கோயல் முதலியோரின் ஆய்வு, பரவல் மரத்தில் எந்த இருவரை எடுத்தாலும் அவர்களுக்கிடையே சராசரியாக எத்தனை தாவல்கள் உள்ளன என்பதைக் கொண்டு இந்த வேறுபாட்டை அளந்தது. பெரிதாகப் பரவியவற்றில் இரு வகையும் இருந்தன, இரண்டும் கலந்தவையும் இருந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பரவல் எவ்வகையைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

ஒருவர் வாங்கியதை அவருடைய நண்பரும் வாங்குகிறார். அது செல்வாக்குதானே?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் வேறு இரண்டு விளக்கங்களை விலக்க வேண்டும். ஒன்று, பொதுச் சூழல்: மழை பெய்தால் தெருவில் எல்லோரும் குடை விரிக்கிறார்கள், ஒருவரைப் பார்த்து மற்றவர் விரிப்பதில்லை. இரண்டாவது, இதைவிட ஆழமானது. "இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே" என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததுதான் அது. ஒத்த இயல்பு உடையவர்களே நண்பர்களாகிறார்கள்; இதை ஒத்தோர் சேர்க்கை எனலாம். ஆகவே ஒரே பொருளை விரும்புகிறார்கள், ஒரே கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், ஒரே செய்தியைப் பகிர்கிறார்கள். சற்று முன்பின்னாக அவர்கள் இதைச் செய்யும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது போலவே தோன்றும்.

இந்த மயக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது சமூக ஊடகத்துக்கு வெளியிலிருந்து வருவது. 2007-இல் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய நீண்டகால இதய ஆய்வின் தரவைக் கொண்டு, 12,067 பேரின் 32 ஆண்டுக்கால எடை மாற்றத்தை ஆராய்ந்தனர். ஒருவருடைய நண்பர் உடல்பருமன் அடைந்தால், அவரும் உடல்பருமன் அடையும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்று எழுதினர். அடுத்த ஆண்டே ஈதன் கோஹன்-கோலும் ஜேசன் ஃப்ளெட்சரும் இதேபோன்ற கணிதத்தை வேறு தரவில் வைத்து, முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவையும் நண்பர்கள் வழியே தொற்றுவதாகக் காட்டினர். உயரம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிழை கணிதத்தில் இருந்தது. பருமன் தொற்றவே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. தொற்றியதா இல்லையா என்பதை அந்த முறையால் பிரித்தறிய முடியாது என்பதே இதன் பொருள். 2011-இல் காஸ்மா ஷலீஸியும் ஆண்ட்ரூ தாமஸும், சோதனை எதுவும் செய்யாமல் நடப்பதைக் கவனித்து மட்டும் திரட்டிய தரவைக் கொண்டு ஒத்தோர் சேர்க்கையையும் தொற்றையும் பொதுவாகப் பிரிக்கவே முடியாது என்பதைக் கணித வாதமாகவே நிறுவினர்.

இரண்டாவது சான்று, யாஹூ உடனடிச் செய்திச் சேவையின் 2.74 கோடிப் பயனர்களைக் கொண்டு ஸினன் அரல், லெவ் முச்னிக், அருண் சுந்தரராஜன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. யாஹூ கோ என்ற கைப்பேசிச் செயலி நண்பர்கள் வட்டத்தில் பரவியதை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வயது, ஊர், பயன்பாட்டுப் பழக்கம் முதலிய பல இயல்புகளில் ஒத்திருக்கும் இருவரில், நண்பர் அந்தச் செயலியை எடுத்துக்கொண்டவரையும் எடுத்துக்கொள்ளாதவரையும் இணையாக வைத்து ஒப்பிட்டனர். தொற்று என்று தோன்றியதில் பாதிக்கு மேற்பட்டதை ஒத்தோர் சேர்க்கையே விளக்கிவிட்டது. முந்தைய முறைகள் செல்வாக்கை 300 முதல் 700 சதவீதம் வரை மிகைப்படுத்தியிருந்தன. விளம்பரத்துறையில் இன்று அடுக்கப்படும் எண்களைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு முடிவை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிறகு எப்படித்தான் பிரிப்பது?

மருந்தைச் சோதிப்பது போலச் சோதிக்க வேண்டும். யாருக்குச் செல்வாக்குப் படவேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், படுபவர்களும் படாதவர்களும் மற்ற எல்லா வகையிலும் சராசரியாக ஒத்தவர்களாகவே இருப்பார்கள். எஞ்சும் வேறுபாடு செல்வாக்கினால் வந்தது.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, 2010 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக்கில் நடந்த சோதனை. சுமார் 6 கோடிப் பேருக்கு, இன்று தேர்தல் நாள் என்ற அறிவிப்போடும் "நான் வாக்களித்தேன்" என்ற பொத்தானோடும், அதை ஏற்கெனவே அழுத்திய நண்பர்களில் ஆறு பேர் வரையிலான முகப்படங்கள் காட்டப்பட்டன. 6.11 லட்சம் பேருக்கு நண்பர் படங்கள் இல்லாமல் அறிவிப்பும் பொத்தானும் மட்டும் காட்டப்பட்டன. 6.13 லட்சம் பேருக்கு எதுவுமே காட்டப்படவில்லை. பின்னர் ஆய்வாளர்கள் சுமார் 63 லட்சம் பயனர்களை அரசின் பொது வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, உண்மையில் வாக்களித்தார்களா என்று பார்த்தனர்.

முடிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்கள் எதையும் பார்க்காதவர்களைப் போலவே வாக்களித்தனர். அறிவிப்புக்குப் பலனே இல்லை. நண்பர்களின் முகத்தையும் பார்த்தவர்களிடம் வாக்களிப்பு 0.39 சதவீதப் புள்ளி கூடியது. ஆனால் "நான் வாக்களித்தேன்" பொத்தானை அழுத்தியவர்களை எண்ணினால், முகம் பார்த்தவர்கள் வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களைவிட 2.08 புள்ளி முன்னே நின்றனர். திரையில் தெரிந்த மாற்றம், வாக்குச்சாவடியில் நடந்த மாற்றத்தைப்போல் ஐந்து மடங்கு. பொத்தான் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாராவது அறிக்கை எழுதியிருந்தால் அது எவ்வளவு தவறான அறிக்கையாக இருந்திருக்கும்!

0.39 என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நேரடியாக 60,000 வாக்குகளும், செய்தியைப் பார்த்தவர்களின் நண்பர்கள் வழியே மேலும் 2,80,000 வாக்குகளும் கூடியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அந்த இரண்டாம் கை விளைவு நெருங்கிய நண்பர்களிடமே தென்பட்டது. பட்டியலில் பெயருக்கு இருக்கும் நண்பர்களிடம் வாக்களிப்பு மாறவில்லை.

சீட்டுக் குலுக்க முடியாத இடங்களில் என்ன செய்கிறார்கள்?

மழையைக் குலுக்கலாக எடுத்துக்கொள்கிறார்கள். மழை பெய்தால் அந்நகரத்தவர்களின் ஃபேஸ்புக் பதிவுகளில் சோர்வு சற்றுக் கூடுகிறது. அவர்களுடைய நண்பர்கள் மழையே பெய்யாத வேறு நகரத்தில் இருக்கிறார்கள். அங்கேயும் பதிவுகளின் தொனி அதே நாளில் மாறினால், அந்த மாற்றம் வானத்திலிருந்து வந்திருக்க முடியாது, நண்பரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 100 பெரிய நகரங்களை வைத்து 2014-இல் வெளியான இந்த ஆய்வில், ஒரு சோர்வான பதிவு நண்பர்களிடையே கூடுதலாக 1.29 சோர்வான பதிவுகளையும், ஒரு மகிழ்ச்சியான பதிவு 1.75 மகிழ்ச்சியான பதிவுகளையும் தூண்டுவதாக மதிப்பிடப்பட்டது.

அதே வழியில் 2017-இல் அரலும் கிறிஸ்டோஸ் நிக்கோலைடிஸும், தம் ஓட்டத்தைக் கருவியில் பதிந்து நண்பர்களோடு பகிரும் 11 லட்சம் பேரின் ஐந்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தனர். நண்பர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால், இவர் அதே நாளில் 0.3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறார். இதில் ஒரு சுவையான திசை வேறுபாடு உண்டு: குறைவாக ஓடுபவர் கூடுதலாக ஓடினால் அதிகம் ஓடுபவர் தாமும் கூட்டிக்கொள்கிறார், மறுதிசையில் அப்படி நடப்பதில்லை. மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் ஊக்கம் பெறுவார் என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு இது நேர்மாறு.

செல்வாக்கு செலுத்துபவரின் குணத்தை மட்டும் ஆராய்ந்தால் போதுமா?

கை தட்டினால் ஓசை வர இரண்டு கைகளும் வேண்டும். 2012-இல் அரலும் டிலன் வாக்கரும் 13 லட்சம் ஃபேஸ்புக் பயனர்களிடம், ஒரு திரைப்படச் செயலி அனுப்பும் அறிவிப்புகள் எந்த நண்பருக்குப் போகவேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, செலுத்தும் ஆற்றலையும் வசப்படும் தன்மையையும் தனித்தனியே அளந்தனர். அந்தச் செயலியைப் பொறுத்தவரை இளையோர் மூத்தோரைவிட எளிதில் வசப்பட்டனர். மணமானவர்கள் எளிதில் வசப்படவில்லை. பிறரை அதிகம் மாற்றுபவர்கள் தாம் எளிதில் மாறுவதில்லை. இந்த முடிவுகள் வேறு பொருளுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. ஆனால் செல்வாக்கு என்பது இருவருக்கு இடையிலான உறவின் அளவு, ஒருவரின் தனித்த அளவு அன்று என்பது எந்தப் பொருளுக்கும் பொருந்தும்.

எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். செய்தி ஒருவர் சொல்லிலேயே பரவிவிடும். பழக்கம் அப்படி மாறாது. டேமன் சென்டோலா 1,528 பேரை இணைய நலவாழ்வுக் குழுக்களில் சேர்த்து, சிலரை அண்டை வீட்டார் போல நெருங்கிப் பின்னிய வலையமைப்பிலும், சிலரைத் தொலைவான குறுக்குத் தொடர்புகள் நிறைந்த வலையமைப்பிலும் அமர்த்தினார். பின்னிய வலையமைப்பில் 54 சதவீதம் பேரும், மற்றதில் 38 சதவீதம் பேரும் புதிய பழக்கத்தை ஏற்றனர். ஒரே யோசனையை இரண்டாவது, மூன்றாவது நண்பரும் சொல்லும்போதே பலர் அசைகிறார்கள்.

விருப்பக்குறிகளின் எண்ணிக்கையே நம்மை மாற்றுகிறதா?

மாற்றுகிறது. ஒரு செய்தித் திரட்டுத் தளத்தில் 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்குத் தொடக்கத்திலேயே ஒரு ஆதரவு வாக்கையும் சிலவற்றுக்கு ஓர் எதிர்ப்பு வாக்கையும் ஆய்வாளர்களே சேர்த்தனர். 2013-இல் வெளியான முடிவு இது: அந்த ஒரு போலி ஆதரவு வாக்கு, அடுத்து வருபவர் ஆதரிக்கும் வாய்ப்பை 32 சதவீதம் கூட்டியது, கருத்தின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. போலி எதிர்ப்பு வாக்கை மட்டும் கூட்டம் தானே சரிசெய்துகொண்டது. இதற்கும் முன்னர், 2006-இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 14,341 பேருக்குப் பெயர் தெரியாத 48 பாடல்களைக் கொடுத்து, எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, பிறர் பதிவிறக்கிய எண்ணிக்கையைக் காட்டியபோது, ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாடல் இன்னொன்றில் நடுவில் கிடந்ததைப் பார்த்தனர். மிக நல்லவை அரிதாகவே அடித்தட்டுக்குப் போயின, மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. இடையில் உள்ள பெரும்பான்மைக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தர முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2008-இல் தொடங்கிய கிளௌட் என்ற சேவை ஒவ்வொருவருக்கும் 1 முதல் 100 வரை மதிப்பெண் தந்தது. அதைக் கணக்கிடும் முறை முழுமையாக வெளியிடப்படவில்லை. மதிப்பெண் பெருமைக்கு உரியதானதும், மக்கள் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகவே பதிவிடத் தொடங்கினர். அளவுகோலை நோக்கி நடத்தை வளைந்தால் அளவுகோல் எதையும் அளக்காது. 2018 மே 25-இல் அந்தச் சேவை மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ட்விட்டர், சந்தேகத்தின் பேரில் முடக்கி வைத்திருந்த கணக்குகளைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையிலிருந்து நீக்கியபோது, ஒரே வாரத்தில் பல பிரபலங்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சரிந்தது. அவர்களுடைய செல்வாக்கு அந்த வாரத்தில் மாறிவிடவில்லை.

பயனரா, அல்காரிதமா? நம்மை மாற்றுவது யார் என்று எப்படித் தெரியும்?

இது இன்று மிகக் கடினமான கேள்வி. என் பதிவு நண்பரின் திரைக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தளத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. ஆகவே அளக்கப்படும் செல்வாக்கில் ஒரு பகுதி அல்காரிதத்துக்கு உரியது. 2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி, வெளி ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் சேர்ந்து, ஒப்புதல் தந்த பயனர்கள் சிலருடைய செய்தியோடையை, அதாவது திரையில் பதிவுகள் அடுத்தடுத்து வரும் வரிசையை, மூன்று மாதங்களுக்கு அல்காரிதம் இல்லாத நேர வரிசைக்கு மாற்றினர். அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது, பார்த்த பதிவுகளின் கலவை மாறியது, ஆனால் அரசியல் கருத்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்று 2023 ஜூலையில் வெளியிட்டனர். அந்தக் காலகட்டத்திலேயே நிறுவனம் தன் வழக்கமான செய்தியோடையில் அவசர மாற்றங்கள் செய்திருந்ததால் ஒப்பீட்டின் மறுபக்கம் வழக்கமான நிலையில் இல்லை என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

இத்தகைய சோதனைகள் நெறிக்கு உட்பட்டவையா?

எல்லாமும் அல்ல என்பதே என் கருத்து. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் செய்தியோடையில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்களுடைய எழுத்து மாறுகிறதா என்று பார்த்தனர். மாற்றம் இருந்தது, ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல் என்ற அளவில் மிகச் சிறியது. 2014-இல் ஆய்வு வெளியானபோது எழுந்த கண்டனம் அந்த அளவைப் பற்றியது அன்று. தம் மனநிலையை வைத்துச் சோதனை நடந்தது அந்த ஏழு லட்சம் பேருக்குத் தெரியாது; சேவை விதிமுறைகளில் எங்கோ இருந்த ஒரு வரி ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. ஆய்வை வெளியிட்ட இதழே பின்னர் தன் கவலையைப் பதிவு செய்தது. மேலே பாராட்டிய தேர்தல் சோதனைக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2020 ஆய்வுகளில் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றது உண்மையான முன்னேற்றம்.

வெளி ஆய்வாளர்களுக்கு இன்று தரவு கிடைக்கிறதா?

முன்னைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன 2010 ஆய்வுகள் ட்விட்டர் தன் தரவைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்த காலத்தின் பயன். 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம், வெளியார் தரவை எடுக்க உதவிய இலவச வாயிலை மூடுவதாக அறிவித்தது. பொதுப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய மெட்டாவின் கிரௌட்டாங்கிள் கருவி 2024 ஆகஸ்ட் 14-இல் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம், 40-ஆம் பிரிவின்படி, மிகப் பெரிய தளங்கள் தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குத் தரவு தரவேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. அது நடைமுறையில் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த பத்தாண்டின் அறிவு அமையும்.

எங்களுடையது சிறிய அமைப்பு. சமூக ஊடகப் பிரபலங்கள் வழியே ரத்த தானப் பரப்புரை செய்கிறோம். பலன் இருந்ததா என்று அறிய ஆய்வகம் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் பரப்புரை தொடங்குவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். "இந்தக் குறியீட்டைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்" என்று கொடுத்து, குறியீட்டோடு வந்தவர்களை எண்ணுவது பலருடைய வழக்கம். அது எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது.

நீங்கள் முகாம் நடத்தும் ஊர்கள் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஊரிலும் சென்ற முகாமில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எழுதி, ஏறத்தாழ ஒத்த எண்ணிக்கை உள்ள ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் எந்த ஊருக்குப் பரப்புரை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். அந்த ஊரில் பின்தொடர்வோர் உள்ள உள்ளூர்க்காரர்களையே பதிவிடச் சொல்லுங்கள். தனி மனிதர்களைப் பிரிக்காமல் ஊர்களைப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு: ஒரே ஊரில் பதிவைப் பார்த்தவர் பார்க்காத நண்பரிடம் வாய்வழியே சொல்லிவிடுவார், ஒப்பீடு கலங்கிவிடும். ஊருக்கு ஊர் தொடர்பு குறைவு என்பதால் இந்தக் கசிவு குறையும். ஃபேஸ்புக் போன்ற பெருந்தளங்களிலும் ஆய்வாளர்கள் நெருங்கிப் பின்னிய நட்பு வட்டங்களை ஊர் போலக் கொண்டு, வட்டம் வட்டமாகவே குலுக்குகிறார்கள்.

முகாம் முடிந்ததும் விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். ரத்தம் கொடுத்தவர்களை எண்ணுங்கள். பத்து இணைகளிலும் பரப்புரை நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தனியே எழுதிப் பாருங்கள். ஒன்பது, பத்து இணைகளில் ஒரே பக்கம் சாய்ந்தால் அதில் பொருள் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்தால், ஓர் ஊரில் கூட்டம் அலைமோதியிருந்தாலும் அதைப் பரப்புரையின் கணக்கில் எழுத முடியாது. எதை எண்ணப் போகிறீர்கள், எந்த நாளில் எண்ணுவீர்கள் என்பதைச் சீட்டுப் போடும் அன்றே ஒரு தாளில் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள்.